என் பாட்டுல கேக்கற லாரி ஹாரன் யாருது?

அண்ணே, மன்னிச்சு விட்டுடறேன்னு பெரிய மனசெல்லாம் காட்டாதீங்க. நான் மன்னிப்பே கேக்கல. ட்யூனைத் திருடினது நானா நீங்களான்னு இப்பவே பேசிடுவோம்.

படிக்கறவங்களுக்கு விசயத்தைச் சொல்லிடறேன். நான் பாடி அனுப்பற ட்யூனுக்குக் கீபோர்டு, ட்ரம்ஸ் எல்லாம் சேத்துக் குடுக்கறது இந்த சென்னை அண்ணனோட வேலை. இப்ப சினிமாவுக்கு நான் போட்ட மொதப் பாட்டை, போன வருசமே தான் பண்ணதுன்னு வீடியோ போட்டிருக்காரு. வெள்ளிக்கெழம டைட்டில் கார்டு ரெடியாவுது. 'இசை'ன்னு போட்டு யார் பேர் வரும்? அதான் சண்டை. போன்லயே ட்யூன் போட்டுப் பாடுற என் சோட்டுப் புள்ளைங்களா, உங்களுக்குத் தெரியாததா? இந்தத் தொழில்ல ட்யூன் புடிக்க ஒரு மத்தியானம் போதும், அது நம்மளுதுன்னு சொல்லிப் புரியவைக்கத்தான் ஆயுசு போவுது.

பீரோ ஸ்டுடியோ

செந்துறையில எங்க வூட்டு முன்னாடிதான் சிமெண்ட் ஆலைக்கு சுண்ணாம்புக்கல் ஏத்திட்டுப் போற லாரி ரோடு. அந்தச் சத்தம் வுழாம பாடணும்னா பீரோவைத் தொறந்து, அம்மா சேலைங்களுக்கு நடுவுல போனோட தலைய வுட்டுக்கணும். பேன் போடக் கூடாது. காலேஜ் லீவுல, சித்திரை வெயில்ல, அப்படித்தான் என் மொத ஆல்பம் பாட்டு ரெடியாச்சு.

ஒரு நாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், யாரோ ஒருத்தர் போன்ல என் பாட்டு ஓடுது. அடுத்த பஸ்ஸைப் புடிச்சேன். வூட்டுக்கு ஓடியாந்து மூச்சு வாங்க அம்மாகிட்ட சொன்னேன். அம்மா பீரோவையே பாத்துட்டு இருந்துச்சு. "பாட்டு ஓடட்டும்டி. வேர்வை பட்ட பட்டுச்சேலையை எவ தொவைப்பா?"

ஒரே ஹால்ல ரெண்டு பேரு

அந்தப் பாட்டைக் கேட்டுட்டு துபாய்லேர்ந்து ஒரு பாய் கூப்புட்டாரு. லப்பைக்குடிக்காட்டுல தங்கச்சி நிக்காஹ், அதுக்கு ஒரு பாட்டு வேணும். நான் குதிச்சுக்கிட்டு தபேலா வெக்கவா, கிட்டார் வெக்கவான்னு கேட்டேன். வெறும் கைத்தட்டும் ஹம்மிங்கும் மட்டும் வெச்சு அந்தப் பாட்டை நான் முடிச்சதுக்குக் காரணம் அவரு சொன்ன பதில்தான்: "மேளம் வெச்சா அத்தா கோவிப்பாங்க, வெக்கலேன்னா தங்கச்சி மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கும். ரெண்டு பேரும் ஒரே ஹால்லதான் இருப்பாங்க, பாத்து செய்ங்கம்மா."

பதினோரு செகண்டு

அந்த நிக்காஹ்வுக்கு சாப்புட வந்திருந்த ஒருத்தருதான் எங்க டைரக்டர். அரியலூர்லயே எடுக்கற சின்னப் படம். நிக்காஹ் பாட்டைக் கேட்டுட்டு, படத்துக்கும் என்னையே பாட்டு போடச் சொல்லிட்டாரு. ஆனா ஒண்ணு, ஆல்பம் பாட்டுல மூணு நிமிசமும் நம்ம ராஜ்ஜியம், இங்க படம் வுட்ட எடத்துலதான் நாம நிக்கணும். அப்பாகிட்ட கோவிச்சுக்கிட்டு ஹீரோயின் பஸ்ஸுக்கு நடக்கற சீன். நடக்கறது பதினோரு செகண்டு, அப்பறம் பஸ்ஸு. நான் போன் ஆப்புலயே வயலின், புல்லாங்குழல்னு நாப்பது செகண்டு வாசிச்சுட்டு, அதுக்கப்பறம்தான் பாடவே ஆரம்பிச்சேன். டைரக்டர் கண்ணை மூடிக் கேட்டாரு. "ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா நீ வாயைத் தொறக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு பஸ் ஏறிப் போயிட்டா."

ரெண்டு குட்டை, ஒரு நீட்டம்

திரும்ப பீரோவுக்குள்ள போனேன். பாதிப் பாட்டுல பக்கத்து வூட்டு செல்வராசு மாமா டிப்பர் லாரியோட மத்தியான சாப்பாட்டுக்கு வந்துட்டாரு. கேட்டைத் தொறக்கச் சொல்லி அத்தைக்கு அவரு அடிக்கற ஹாரன் தெருவுக்கே தெரியும்: ரெண்டு குட்டை, ஒரு நீட்டம். சண்டைக்குப் போகலாம்னு தலைய வெளிய எடுக்கப் போனேன். ஆனா அந்த நீட்டம் கரெக்டா என் சுருதியில வந்து நிக்குது. புல்லரிச்சுப் போச்சுங்க. பாடறதை நிறுத்தாம, பீரோ கதவுல அதே தாளத்தைத் தட்டிக்கிட்டே பல்லவியைத் திருப்பிட்டேன். டைரக்டர் அதையே ஓகே பண்ணிட்டாரு. ஹாரனோட அப்படியே சென்னைக்கு அனுப்புனேன்.

இப்ப அண்ணன் போட்ட 'ஒரிஜினலை' ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. சாப்ட்வேர் வெச்சு என் குரலை மட்டும் உருவி எறிஞ்சுட்டு, மிச்சமிருந்த கதவுத் தாளத்து மேல கீபோர்டை ஏத்தியிருக்காரு. அந்த சாப்ட்வேர் மனுசக் குரலைத்தான் எடுக்கும், லாரியை எடுக்காது. பல்லவி முடியற எடத்துல, அடியில, ரெண்டு குட்டை, ஒரு நீட்டம். மாமாகிட்ட போட்டுக் காமிச்சேன். சோத்துல வெச்ச கையை எடுக்காம கேட்டாரு. "நம்ம வண்டிதான். கடைசியில முக்குது பாரு, காத்து லீக்கு. இன்னும் சரி பண்ணல."

ஆக, படிச்ச பொண்ணு பேச்சை நம்பாத ஊருல என் பேரைக் காப்பாத்த, ரிப்பேர் பாக்காத ஒரு ஹாரன்தான் மிச்சம். அண்ணே, தனியா மெசேஜ் அனுப்பாதீங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள, வீடியோ போட்ட அதே எடத்துல, எல்லாரும் பாக்க பதில் சொல்லுங்க: உங்க ஏசி ரூமுக்கு மத்தியானச் சோத்துக்கு வந்த லாரி எது?