மலைப் பக்கம் கேட்ட கொம்பு

என் கணவர் அணையில் ஓவர்சியராக இருந்தார். கல்வராயன் மலை இறங்கி வந்து முடியும் இடத்தில், தண்ணீரை ஒட்டிய மேட்டில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். காலையில் பஸ் பிடித்துப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன். முகம் கழுவி, காபி குடித்துவிட்டு வராந்தாவில் நின்று பிரெஞ்சு ஹார்ன் ஊதுவேன்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கருவியைப் பார்த்தவர்களே கிடையாது. நான் பிறந்தது மணலூர்பேட்டை. சென்னையில் படிக்கப் போன இடத்தில், நான் போய்க்கொண்டிருந்த சர்ச்சில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது. எனக்கு வயலின் மேல்தான் ஆசை. வயலினுக்கு ஆள் நிறைய இருந்தார்கள். ஊத ஆளில்லாமல் பெட்டியில் கிடந்த ஹார்னை என்னிடம் கொடுத்தார்கள். பிறகு ஆர்க்கெஸ்ட்ரா கலைந்தபோது, அதை வைத்துக்கொள்ள வேறு யாரும் முன்வராததால் அது என்னோடு வந்துவிட்டது.

அது ஒரு வினோதமான கருவி. நீட்டிப் பிடித்தால் இரண்டு ஆள் உயரத்துக்கு வரும் பித்தளைக் குழாயைச் சுருட்டி, மடியில் வைத்துக்கொள்கிற அளவுக்கு ஆக்கியிருப்பார்கள். வாய் பக்கம் பென்சில் அளவு ஓட்டை. மறுமுனை பெரிய தாம்பாளம் போல விரிந்திருக்கும். அந்த விரிந்த வாய் கேட்பவர்களைப் பார்க்காது, ஊதுகிறவரின் முதுகுப் பக்கம் திரும்பியிருக்கும். வலது கையை அதற்குள் விட்டுக்கொண்டுதான் ஊத வேண்டும். கையைக் கொஞ்சம் மூடினால் சுருதி இறங்கும். நன்றாக அடைத்தால் சத்தம் ரம்பம் அறுப்பது போல மாறும். உதட்டின் அதிர்வு குழாய்க்குள் இருக்கும் காற்றோடு ஒத்துப் போனால்தான் ஸ்வரம் நிற்கும். மேலே போகப் போக ஸ்வரங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதால், உதடு இம்மி பிசகினாலும் பக்கத்து ஸ்வரத்தில் போய் விழுந்துவிடும். எல்லாவற்றையும் விட எனக்கு விசித்திரமாகப் பட்டது இதுதான்: என் ஹார்னின் சத்தம் எனக்கு நேராகக் கேட்காது. அது பின்னால் போய் எதிலாவது பட்டுத் திரும்பி வருவதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தண்ணீரிலிருந்து வரும் ஈரக் காற்று முகத்தில் அடிக்கும் என்பதால், வீட்டைப் பார்த்து நின்று ஊதுவது என் பழக்கம். அதாவது ஹார்னின் வாய் தண்ணீரையும் அதற்கு அப்பால் மலையையும் பார்த்திருக்கும்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லாவெங்கும் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. அந்த வாரம் சாலை மறியல். ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. கரண்ட் கம்பத்தின் மேல் எங்கேயோ மரம் விழுந்து, எங்கள் பக்கம் மின்சாரமும் நின்றது. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்றார்கள், குடிசைகள் எரிந்தன என்றார்கள். எது நிஜம், எது வதந்தி என்று சொல்ல யாருமில்லை. பேப்பரும் வரவில்லை.

எனக்கு வேறு வேலை இல்லாததால் மாலையில் ரொம்ப நேரம் ஊதினேன். பாட்டு எதுவும் இல்லை. உதட்டுக்குப் பயிற்சியாக, கீழ் ஸ்தாயியில் மூச்சு தீரும் வரை ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது. ஒன்று முடிந்தால் இன்னொன்று.

நாலைந்து நாள் கழித்து, டீக்கடை வரை நடந்து போய் வந்த என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "மலையில யாரோ கொம்பு ஊதறாங்களாம். மலைக்காரங்களத் திரட்டிக்கினு ராத்திரியில எறங்கப் போறாங்கன்னு பேசிக்கறாங்க. வடக்கனந்தல் பக்கம் ஆம்பளைங்க யாரும் தூங்கறதில்லையாம்."

"எப்ப ஊதறாங்களாம்?"

"வெளக்கு வெக்கிற நேரத்துல."

இரண்டு பேரும் பெட்டியில் இருந்த ஹார்னைப் பார்த்தோம்.

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. அதை வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். வானம் தெளிந்திருக்கும் மாலையில் தண்ணீரை ஒட்டிய காற்று சீக்கிரம் குளிரும், மேலே இருக்கும் காற்று சூடாகவே இருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போவதால், மேலே எழும்பிப் போகவேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கி வெகுதூரம் தவழ்ந்து போகும். என் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி, தண்ணீரைக் கடந்து வயல்வெளிக்குப் போயிருக்கிறது. கேட்டவர்களுக்கு அது மலையிலிருந்து வந்தது போலத்தான் இருந்திருக்கும். மற்ற நாட்களில் பஸ் சத்தமும் பம்ப்செட் சத்தமும் ரைஸ் மில் சத்தமும் அதை மூடியிருக்கும். அந்த வாரம் மூடுவதற்கு எதுவும் இல்லை.

அன்றைக்கே ஊதுவதை நிறுத்திவிட்டேன். தானாக அடங்கிவிடும் என்று இருவருமே நினைத்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம், என்னோடு வேலை பார்க்கும் தமிழ் டீச்சர் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தாள். வடக்கனந்தலுக்கும் அணைக்கும் நடுவே அவளுடைய அண்ணன் கரும்பு வைத்திருந்தார். அவளும் அங்கேதான் இருந்தாள். என் ஹார்னைப் பள்ளியில் ஒரு விழாவில் கேட்டவள் அவள்.

"டீச்சர், மலை மேல கரியாலூர்ல இருந்து ஒரு ஆளு தேன் விக்க எறங்கி வந்திருக்கான். இவனுக்குத் தெரியாம யாரு ஊதுவான்னு புடிச்சி மோட்டார் கொட்டாயில அடைச்சி வெச்சிருக்காங்க. மண்டையில அடி. அண்ணன் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறானுங்க. அது நீங்கதான?"

"நான்தான். ஆனா நிறுத்திட்டேனே."

"நிறுத்திட்டீங்களா?" அவள் முகம் மாறியது. "நேத்து சாயங்காலமும் கேட்டுதுன்றாங்களே."

நாங்கள் மூவரும் ஹார்னை எடுத்துக்கொண்டு வரப்பு வழியே நடந்தோம். கரும்புத் தோட்டத்தின் ஓரம் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். சிலர் கையில் வெட்டரிவாள் இருந்தது; அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. மோட்டார் கொட்டகைக் கதவு இடுக்கில் ஒரு கால் மட்டும் தெரிந்தது. வெளியே உடைந்த பாட்டில்களில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

டீச்சருடைய அண்ணன் நாற்பது வயதுக்காரர், அமைதியான மனிதர். "வாங்கம்மா" என்று முறையாகக் கூப்பிட்டு, கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். "எங்க புள்ளைங்களுக்குப் படிப்புல, வேலையில பங்கு கேக்கறோம். வேற யாரு கூடயும் எங்களுக்குச் சண்ட இல்ல. ஆனா சாயங்காலம் ஆனா அந்தச் சத்தம். பொம்பளைங்க பயந்துபோய்க் கெடக்கறாங்க."

நான் பெட்டியைத் திறந்து ஹார்னை எடுத்தேன். அங்கேயே நின்று, ஊதிய அதே ஸ்வரத்தை ஊதிக் காட்டினேன். சத்தம் முழங்கியது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

அண்ணன் தலையை ஆட்டினார். "இது இல்லம்மா. நாங்க கேட்டது வேற. அது முனகற மாதிரி இருந்துது."

அவர் சொன்னது பொய்யல்ல. பக்கத்தில் கேட்கும்போது பித்தளையின் பளபளப்பு முழுக்கக் காதில் விழும். தூரம் போகப் போக, ஒரே ஸ்வரத்துக்குள் கலந்திருக்கும் மேல் ஸ்வரங்களைக் காற்று உறிஞ்சிக்கொள்ளும். அடி ஸ்வரம் மட்டும் மிஞ்சும். இதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் இன்னொருவர் கேட்டார்: "நேத்து ஊதுனதும் நீங்கதானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் உண்மையைச் சொன்னால், நேற்று ஊதியது யார் என்ற கேள்வி நேராகக் கொட்டகைக்குள் போகும்.

"இவதான்" என்றார் என் கணவர். "டெய்லி இவதான் ஊதறா. நேத்தும் ஊதுனா. நான் பக்கத்துலயே இருந்தேன்."

அவர் பொய் சொல்லி அதுவரை நான் பார்த்ததில்லை.

கடைசியில் அண்ணன் ஒரு வழி சொன்னார். விளக்கு வைக்கிற நேரத்தில் நான் வீட்டிலிருந்தே ஊத வேண்டும். இவர்கள் இங்கிருந்து கேட்பார்கள். அதே சத்தம் வந்தால் ஆளை விட்டுவிடலாம். அதுவரை என் கணவர் இங்கேயே இருக்கட்டும்.

"இருக்கட்டும்" என்றுதான் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. என் கணவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

நானும் டீச்சரும் திரும்பி நடந்தோம். பாதி வழியில் நான் அண்ணாந்து பார்த்தேன். மலை மேல் மேகம் கட்டியிருந்தது. அந்த வாரம் முழுக்கத் துடைத்துவிட்டது போல இருந்த வானம், அன்றைக்கு மூடிக்கொண்டு வந்தது. மேகம் போர்வை போல மூடினால் தரையும் தண்ணீரும் சீக்கிரம் குளிராது. ஒலி வளையாது. காற்று வேறு எங்கள் முதுகுப் பக்கமிருந்து மலையைப் பார்த்து வீசியது. நான் என்ன ஊதினாலும் அது எழும்பி மேலே போய்விடும்.

"இன்னா டீச்சர் யோசிக்கறீங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வராந்தாவில் நின்றேன். வெளிச்சம் தண்ணீரிலிருந்து மெல்லப் போய்க்கொண்டிருந்தது. வாய் வறண்டு உதடு ஒட்டவில்லை. முதல் ஸ்வரம் உடைந்தது. இரண்டாவது நின்றது. மூச்சு தீரும் வரை பிடித்தேன், திரும்பவும் பிடித்தேன். மலையிலிருந்து திரும்பி வரும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேன். வழக்கமாக வருகிற அளவுக்கு வரவில்லை. வலது கையை எடுத்துவிட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து ஊதினேன். மேல் உதட்டில் ரத்தம் கசிந்தது. டீச்சர் படியில் உட்கார்ந்து வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டிய பிறகும் நான் நிறுத்தவில்லை. அவள் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தபோதுதான் நிறுத்தினேன்.

நாங்கள் லாந்தர் ஏற்றி வைத்துக் காத்திருந்தோம். வரப்பில் முதலில் பீடி நெருப்பு தெரிந்தது. பிறகு இரண்டு பேர். என் கணவரும் அந்த மலைக்காரரும். அவர் தலையில் யாரோ துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சாப்பிடச் சொன்னோம், வேண்டாம் என்றார்.

"கேட்டுதா?" என்றேன் என் கணவரிடம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார். "தவளைச் சத்தந்தான். எல்லாரும் காதுல கைய வெச்சிக்கினு நின்னாங்க. ரொம்ப நேரம் யாரும் பேசல. அப்பறம் இவங்க அண்ணன், 'தோ, கேக்குது பாரு'ன்னாரு. பக்கத்துல இருந்தவன் 'ஆமா'ன்னான். அப்பறம் எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. ஒருத்தன் கண்ண மூடிக்கினு தலைய ஆட்டறான்."

"உங்களுக்குக் கேட்டுதாங்க?" என்று மலைக்காரரைக் கேட்டேன்.

"எனக்கு எதுவும் கேக்கலிங்க" என்றார். அவர் என் ஹார்னைப் பார்த்தார். தொடவில்லை, என்னவென்றும் கேட்கவில்லை. விடியும் முன்பே மலைப் பாதையில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை எங்கள் பக்கச் சந்தையில் யாரும் பார்க்கவில்லை. சேலம் பக்கமாக இறங்கித் தேன் விற்கிறார் என்று கேள்விப்பட்டோம்.

அண்ணன் இரக்கப்பட்டுச் சொன்னாரா, நிஜமாகவே அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டுச் சொல்லும்படி டீச்சரிடம் ஒருமுறை சொன்னேன். "வேணாம் டீச்சர், அதைக் கிளறாதீங்க" என்றுவிட்டாள்.

ரோடு திறந்தது. சாய்ந்த புளிய மரங்களை ஊர்க்காரர்கள் விறகுக்கு அறுத்துக்கொண்டு போனார்கள். பள்ளியும் திறந்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, உள்அறையில் மட்டும் ஊதத் தொடங்கினேன். கீழ் ஸ்தாயிக்குப் போகவில்லை.

அடுத்த ஜூனில் அண்ணன் தன் மகளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தார். பொண்ணுக்கு சயின்ஸ் குரூப் வேண்டும் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"இப்பவும் ஊதறீங்களாம்மா?"

"வூட்டுக்குள்ளதாங்க. வெளிய கேக்காது."

அவர் மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

"மலைப் பக்கம் இன்னும் கேட்டுக்கினுதாம்மா இருக்குது" என்றார். "அது நீங்கதான்னு ஊருல சொல்லி வெச்சிருக்கேன்."

மகளை அழைத்துக்கொண்டு வெளியே போனார்.