ஒன்பதாவதாக எடுத்த மாப்பிள்ளை

ஹம்பேர்க்கில் ஒரு தமிழ்க் கலியாணம் பேசி முடிய வேண்டுமென்றால் இரண்டு சம்மதம் வேண்டும் என்று சொல்வார்கள். ஒன்று கிரகங்களுடையது, மற்றது சுந்தரேஸ்வரியுடையது. கிரகங்களுக்காவது சாந்தி செய்து பார்க்கலாம். சுந்தரேஸ்வரியைச் சமாளித்தவர் எவரும் இல்லை.

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவை ஆலையில் அவளுக்கு வேலை. தோய்த்து வருகிற விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துக் கறை தேடுவதுதான் அங்கே அவளுடைய பகுதி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. யாருடைய பிள்ளைக்காவது வரன் வந்தால் பெயரை அவளிடம் கொடுப்பார்கள். ஒஸ்லோவில் ஒரு மச்சாள், பாரிஸில் ஒரு சித்தப்பா, ரொறொன்ரோவில் மாமன் மகன் ரகுநாதன் என்று அவளுக்கு ஆள் இல்லாத ஊர் இல்லை. ஒரு கிழமைக்குள் மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரிடம் அடி வாங்கினான் என்பதுவரை வந்துவிடும். எல்லாரும் ஒரே குரலில் "நல்ல பிள்ளை" என்று சொன்னால் அவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். சொல்லி வைத்துச் சொல்கிறார்கள் என்பாள். பிரேமனில் ஒரு பெடியன், படித்தவன், நல்ல வேலை, நடக்கும்போது ஒரு காலைச் சற்று இழுக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காகத் தங்கையின் மகளுக்கு வேண்டாம் என்று நிறுத்தியவள் அவள்.

இப்படிப்பட்டவளுடைய ஒரே மகள், ஒருவரிடமும் விசாரிக்காமல், தானே ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தேனுஜா இயன்முறைச் சிகிச்சை படித்தவள். அமெரிக்கக் கால்பந்து விளையாடும் உள்ளூர்க் கழகம் ஒன்றின் ஆட்டக்காரர்களுக்குக் கை கால் பிடித்துவிடுவது அவளுடைய வேலை. அங்கே வந்தவன்தான் டாரியஸ். அமெரிக்கன், கறுப்பு இனத்தவன், கதவு நிலையில் தலை தட்டாமல் குனிந்து வரும் உயரம். கழகத்தில் விளையாட வந்து, இப்போது அங்கேயே சின்னப் பெடியளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று "அம்மா" என்றான்.

"முதல் நாளே அம்மா எண்டுறான். இது பழகின வாய்" என்றாள் சுந்தரேஸ்வரி குசினிக்குள் வந்து.

"நான்தான் அம்மா சொல்லிக் குடுத்தது" என்றாள் தேனுஜா.

"அதைத்தான் சொல்லுறன். சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வாறியள்."

நிறத்துக்காகத் தான் மறுக்கவில்லை என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். யாரும் கேளாத கேள்விக்கு அவள் இத்தனை தடவை பதில் சொன்னதால் அதை யாரும் நம்பவில்லை. கணவன் பாலச்சந்திரன் துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை செய்பவர், வாய் திறக்கக் கூலி கேட்கும் மனிதர். அவருக்கு டாரியஸைப் பிடித்துப்போய்விட்டது. "பெடியன் இறைச்சிக்கறியை உறைப்பெண்டு சொல்லாமல் சாப்பிட்டவன்" என்றார். சுந்தரேஸ்வரிக்கு அதுவும் சந்தேகம்தான். மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டவன் ஏன் உறைப்பென்று சொல்லவில்லை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரகுநாதனுக்குத் தொலைபேசி எடுத்தாள். பெயரைக் கேட்டதும் அவன் கத்தினான்.

"அக்கா, உந்த ஆளை நான் ரீவியிலை பாத்திருக்கிறன்! பந்தைக் கையிலை இடுக்கிக்கொண்டு ஆள்மதிலுக்குள்ளை தலையைக் குடுத்து ஓடுறவன். ரன்னிங் பேக் எண்டுறது. பல்கலைக்கழகத்திலை விளையாடேக்கை அவனைப் பிடிக்க ஆள் இல்லை. வருசா வருசம் பெரிய குழுக்கள் பெடியளைத் தெரிவு செய்யும், டிராஃப்ட் எண்டு. நாடு முழுக்க அவன் ஒன்பதாவது ஆள்! நாலு வருசம் அங்கை ஓடினவன்."

"ஆர் எடுத்தது?"

"போன வருசம் படுமோசமாத் தோத்த குழுவுக்குத்தான் முதல் தெரிவு. அப்பிடி வரிசையா வரும்."

"திறமான பிள்ளையைத் தோத்தவன்ரை கையிலை ஏன் குடுக்கினம்?"

"அது சட்டம் அக்கா."

"பெடியனுக்கு அந்த இடம் விருப்பமோ எண்டு கேக்கிறேல்லையோ?"

"இல்லை."

ரகுநாதன் உற்சாகமாகத் தொடர்ந்தான். எடுப்பதற்கு முன் பெடியளைக் கூட்டிவந்து, காற்சட்டையோடு நிறுத்தி, நிறை பார்ப்பார்களாம். உள்ளங்கையை அளப்பார்களாம். ஓடவிட்டு, பாயவிட்டு, வைத்தியரிடம் மூட்டுகளை முறுக்கிக் காட்டி, தாய் தகப்பனைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்டு, பழைய வாத்தியார்மாரிடமும் விசாரிப்பார்களாம். பெண் பார்க்கும் படலம்கூட அதற்குக் கிட்ட நிற்காது. சுந்தரேஸ்வரிக்கு அமெரிக்கர்மேல் முதல்முறையாக ஒரு மரியாதை பிறந்தது. அந்த மரியாதையிலிருந்தே அடுத்த சந்தேகமும் பிறந்தது.

"அவ்வளவு விசாரிச்சு எடுத்தவங்கள் நாலு வருசத்திலை ஏன் விட்டவங்கள்? நெருப்பில்லாமல் புகையாது தம்பி. குடியோ, பொம்பிளையோ, பொலிசோ, விசாரி."

ரகுநாதன் விசாரித்தான். குடி இல்லை, பொலிஸ் இல்லை, தாயோடு சண்டைகூட இல்லை. உழைத்ததில் தாய்க்கு வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறான். எல்லாரும் நல்ல பிள்ளை என்றார்கள். சுந்தரேஸ்வரிக்கு நித்திரை வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினாள்.

அவளிடம் ஒரு கடைசி அஸ்திரம் உண்டு. ஒருவனைப் பற்றி ஒன்றும் பிடிபடாவிட்டால் அவனோடு கூட வந்தவர்களை விசாரிக்க வேண்டும். ஒரே கப்பலில் வந்தவர்களில் பாதிப்பேர் கெட்டிருந்தால் கப்பலில் ஏதோ இருக்கிறது என்பது அவளுடைய கணக்கு. "அவனுக்கு முந்தியும் பிந்தியும் உப்பிடி முதல் வரிசையிலை எடுபட்ட ஓட்டக்காரர் எல்லாரும் இப்ப என்ன செய்யினம் எண்டு பார்" என்றாள்.

ஞாயிறு தோறும் ரகுநாதன் ஒப்புவித்தான். ஒருவன் இரண்டாம் வருடமே முழங்கால் முறிந்து போனான். ஒருவன் முதல் வருடம் ராசாவாக ஓடினான், மூன்றாம் வருடம் கணுக்கால் போனது, நாலாம் வருடம் வேறு குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள், அங்கே விளையாட விடாமல் வாங்கில் இருத்தி வைத்தார்கள். ஒருவன் சம்பளத்தைக் கூட்டு என்று விளையாட வராமல் நின்றான். டிராஃப்ட்டின் ஐந்தாம் சுற்றில் யாரும் கவனியாமல் எடுத்த ஒரு பெடியனை அவனுடைய இடத்தில் போட்டு ஓடவிட்டார்கள், அவன் அரைவாசிக்கு அரைவாசிச் சம்பளத்தில் ஏறக்குறைய அதே ஓட்டம் ஓடினான். வராமல் நின்றவனை ஒருவரும் தேடவில்லை. முப்பது தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்.

"அந்த ஒராளைக் காட்டித்தான் மற்றவங்களை இழுக்கிறவங்கள்" என்றாள் சுந்தரேஸ்வரி.

"முந்தி எடுபட்டவனுக்குத்தான் அக்கா அடி கூட. விலை குடுத்து எடுத்ததெண்டு திரும்பத் திரும்ப அவன்ரை கையிலைதான் பந்தைக் குடுப்பினம். பல்கலைக்கழகத்திலை ஏற்கெனவே அரைவாசி தேஞ்சு வந்தவன். இருபத்தேழு வயசெண்டா இந்த வேலையிலை கிழவன். பிறகு அடுத்த டிராஃப்ட்டிலை இன்னொருத்தன் வருவான்."

"கறிவேப்பிலை" என்றாள் அவள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முருகன் கோயில் பூசையன்று அவள் தன் கண்ணாலேயே கறையைக் கண்டுவிட்டாள். எல்லாரும் விழுந்து கும்பிட்டபோது டாரியஸ் பின்னால் தூணோடு நின்றான். அன்னதானத்துக்கு எல்லாரும் நிலத்தில் பந்தியில் இருந்தபோது பசியில்லை என்றான். பாலச்சந்திரனின் தமையன் ஆசீர்வதிக்கத் திருநீற்றுத் தட்டோடு நின்றபோது, காலில் விழாமல் கைகொடுத்தான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் சாமியும் எங்கள் பெரியவர்களும் இவனுக்குக் கேவலம்! இதைத்தான் இத்தனை நாளாக மறைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தொடங்குமுன் தேனுஜா தொடங்கினாள். "அம்மா, பதிவுக் கந்தோரிலை எழுத்துக்கு டெர்மின் எடுத்தாச்சு, நாள் குறிச்சாச்சு. நீங்கள் வந்தாச் சந்தோசம். வராட்டி, அதுக்குப் பிறகு என்னையும் விசாரிக்க வேண்டாம்."

சுந்தரேஸ்வரி பயந்துபோனாள். மகள் வெறும் மிரட்டல்காரி அல்ல, தன்னைப் போலவே சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் அவள் தன் தந்திரத்தைக் கண்டுபிடித்தாள்.

"வாறன். ஆனால் எழுத்தோடை முடியாது. மணவறை, ஐயர், ஓமம், தாலி எல்லாம் வேணும். முதலிலை இருந்து கடைசி மட்டும் சம்மணம் கொட்டி இருந்து எங்கடை முறையிலை செய்யட்டும். செய்தானெண்டா நானே ஆலாத்தி எடுக்கிறன்."

அவன் மறுப்பான், மறுத்தால் வேஷம் கலையும், மகள் தானாகக் கண் திறப்பாள் என்பது அவள் போட்ட கணக்கு. தேனுஜாவின் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வந்து விழுங்கினாள். டாரியஸ் மட்டும் சிரித்தான்.

"ஓம், அம்மா" என்றான். அவனுக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லும் அதுதான்.

இவ்வளவு இலேசாக ஒருவன் ஒத்துக்கொண்டால் சுந்தரேஸ்வரிக்கு எப்படிப் பொறுக்கும்? "இஞ்சாருங்கோ, உவன் மண்டபத்திலை வைச்சு எங்களை அவமானப்படுத்தப் போறான்" என்றாள் கணவனிடம்.

"நீர் கேட்டதுக்குத்தானே பெடியன் ஓமெண்டவன்" என்றார் பாலச்சந்திரன்.

"கேட்ட உடனை ஓமெண்டுறவனை நம்பேலாது."

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதுதான் விசாரணையில் சிறந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கையில் வடைப் பெட்டியோடு எஸ்-பான் ரயிலில் ஏறி, தேனுஜாவும் டாரியஸும் இருக்கும் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த தேனுஜாவின் கண் சிவந்திருந்தது. சண்டை என்று சுந்தரேஸ்வரியின் மனம் துள்ளியது. மகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

யன்னல் திறந்திருந்தது, குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியில் யாரோ தெரியாத ஒரு தமிழ்க் கலியாணத்தின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் வெறும் நிலத்தில் டாரியஸ் சம்மணம் கொட்டி இருந்தான். ஒரு முழங்கால் மடிந்து நிலத்தைத் தொட்டது. மற்றது பாதியில் நிற்க, அதைத் தன் இரண்டு கையாலும் கீழே அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் குளிரில் அவன் நாடியிலிருந்து வியர்வை சொட்டியது. அவளைக் கண்டதும் சிரித்து, எழும்பப் பார்த்தான். ஒரு கையை ஊன்றினான், வரவில்லை. மறு கையையும் ஊன்றினான். அப்போதும் வரவில்லை. அரைக் காற்சட்டைக்குக் கீழே முழங்காலைச் சுற்றித் தையல் தழும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடிக் கிடந்தன.

"பிள்ளை, என்ன இது?"

"நீங்கள் கேட்டதுதான்" என்றாள் தேனுஜா. "அந்தக் கால் மடியாதம்மா. நாலு தரம் வெட்டினது. இன்னொருக்காப் பிஞ்சா நடக்கிறதே கஷ்டம் எண்டு டொக்டர் சொன்னவர். நான் சொல்லச் சொல்லக் கேக்காமல் நாளாந்தம் உப்பிடி இருக்கிறார்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கோ? காலை இழுக்கிறானெண்டு பிரேமன் பெடியனை நிப்பாட்டினனீங்கள். அதுக்குப் பிறகும் சொல்லலாமோ?"

தூணோடு நின்றதும், பந்தியில் இராததும், காலில் விழாததும் ஒவ்வொன்றாக அவளுக்குள் வந்து விழுந்தன. ஆலையில் கற்ற ஜெர்மனில் அவனிடம் நேரே கேட்டாள், முடியாது என்று ஏன் ஒரு சொல் சொல்லவில்லை என்று.

அவன் தயங்கித் தயங்கி ஜெர்மனிலேயே பதில் சொன்னான். பல்கலைக்கழகத்தில் முழங்கால் வீங்கியிருந்தபோது ஓடுவாயா என்று பயிற்சியாளர் கேட்டாராம், ஓம் என்றானாம். குழுவில் ஊசி போட்டுக்கொண்டு இறங்குவாயா என்று கேட்டார்களாம், அதற்கும் ஓம். முடியாது என்றவனுடைய இடத்தில் மறுநாள் வேறொருவன் நிற்பான், அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் அவன். "நீங்களும் கேட்டீர்கள். எனக்குத் தேனுஜாவின் பக்கத்து இடம் வேண்டும்" என்றான்.

சுந்தரேஸ்வரி வடைப் பெட்டியை மேசையில் வைத்தாள். வாழ்நாளில் அவள் சந்தேகப்படாத ஆள் ஒருத்தி மட்டும் இருந்தாள், அது அவளேதான், அவளை இப்போது பார்த்தாள். ஒன்பதாவதாக எடுத்த குழுக்காரனைத் தொலைபேசியில் ஞாயிறு ஞாயிறாகத் திட்டினாள். அவன் மிச்சம் விட்ட சாற்றை இங்கே தானே பிழிந்துகொண்டிருக்கிறாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவனுக்கு எதிரே நிலத்தில் இருந்தாள். மடியாத காலிலிருந்து அவன் கைகளை எடுத்துவிட்டு, அந்தக் காலை நீட்டி வைத்தாள். அவன் மறுபடி மடிக்கப் போனான். அவள் அவன் கையில் ஓர் அடி போட்டாள்.

"ஏலாதெண்டு சொல்லு."

அவனுக்கு விளங்கவில்லை. தேனுஜா மொழிபெயர்த்தாள். அவன் சிரித்து, இல்லை, பரவாயில்லை, பழகிவிடும் என்றான்.

"சிரியாதை. சொல்லு. ஏலாது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இதற்கு ஏதாவது தண்டனை உண்டா என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வையைச் சுந்தரேஸ்வரி அறிவாள், விசாரிக்கப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பார்த்த பார்வை அது. அவள் அசையாமல் காத்திருந்தாள். தொலைக்காட்சியில் கெட்டிமேளம் கொட்டியது, தேனுஜா அதை நிறுத்தினாள்.

"ஏலாது, அம்மா" என்றான் டாரியஸ். சொன்ன பிறகுதான் அந்தப் பெரிய உடம்பு அழுகையில் குலுங்கத் தொடங்கியது.