ரெத்னோ பலுபியின் கடைசி அமர்வு

ரெத்னோ பலுபி (1961–2019). இந்தோனேசியாவின் செமாராங் நகரத் தொழிலாளர் நீதிமன்றத்தில், தொழிற்சங்கத்தின் பரிந்துரையால் நியமிக்கப்பட்ட நீதிபதி. அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் சட்டைகளுக்குக் காலர் தைத்தவர். மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தவர்.

பதவிக்காலம் ஐந்து ஆண்டு. மறுநியமனம் ஒரே முறை. அவருடைய முதல் ஐந்தாண்டு 2014 மார்ச் 12, புதன்கிழமையுடன் முடிவதாக இருந்தது. மறுநியமனத்துக்கான நேர்காணலும் அதே நாளில் ஜகார்த்தாவில் வைக்கப்பட்டது. மாற்றுத் தேதி கிடையாது.

அவர் இடம்பெற்ற மூன்று நீதிபதிகள் அமர்வின் ஒரு வழக்கும் அந்த நாளில் வந்து நின்றது. உங்காரானில் ஓர் ஆடைத் தொழிற்சாலை முப்பத்தேழு பெண்களை வேலையைவிட்டு நீக்கியிருந்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர் நான்கு முறை வாய்தா வாங்கினார்: ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை வக்காலத்தில் முத்திரை இல்லை, மற்ற இரண்டுக்கும் காரணமே குறிக்கப்படவில்லை. இறுதி வாதம் பதினொன்றாம் தேதிதான் வந்து சேர்ந்தது. மறுநாள் தீர்ப்பு வாசிக்கப்படாவிட்டால் புதிய நீதிபதி வருவார். சாட்சிகளை மீண்டும் முதலிலிருந்து அழைக்க வேண்டும்.

பதினொன்றாம் தேதி மாலை சங்கத் தலைவர் கிஸ்வோரோ அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, டிக்கெட் எடுத்தாச்சு. இன்னும் அஞ்சு வருஷம் நம்ம ஆளு ஒருத்தர் அந்த நாற்காலியில உக்காரணும். முப்பத்தேழு பேருக்காக அதைத் தொலைச்சிடாதீங்க."

"கேஸைப் பத்தி எங்கிட்டப் பேசக்கூடாது தம்பி. டிக்கெட்டைப் பத்தி வேணா பேசு."

"அதைத்தான் பேசறேன்! போறீங்களா, இல்லையா?"

"திருப்பிக் கொடுத்துடு. பாதிக் காசாவது வரும்."

கிஸ்வோரோ தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

புதன் காலை, தலைமை நீதிபதியின் அறையில், முதலாளிகள் தரப்பில் நியமிக்கப்பட்ட நீதிபதி தாருனோ அவரைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, ஜகார்த்தா இங்கயே வந்துடுச்சா?"

"உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல ஐயா."

"நான் மாறுபட்டுத்தான் எழுதுவேன். தெரியுமில்ல?"

"எழுதுங்க. நான் இருக்கும்போதே எழுதுங்க."

தாருனோ எழுதினார். தீர்ப்பு இரண்டுக்கு ஒன்று என்று அமைந்தது: நிலுவைச் சம்பளத்துடன் முப்பத்தேழு பேரையும் மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும். தாருனோவின் மாற்றுக் கருத்து பதினொரு பக்கம். அது வாசித்து முடியும்வரை ரெத்னோ அசையாமல் கேட்டார். பிறகு தாருனோ தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த லும்பியா என்ற சுருள் பலகாரத்தை இருவரும் பகிர்ந்து உண்டனர்.

ஏப்ரலில் வெளியான மறுநியமனப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நேர்காணலுக்கு வராதவர் என்பது மட்டுமே குறிப்பு. அவர் நீதிபதியாகக் கடைசிக் கையொப்பம் இட்டது 2014 மார்ச் 12, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்தில்.