கதவுக்குள் கதவு

யு.கே.ஜி. வருடக் கடைசியில் எங்கள் டீச்சர் எல்லோரையும் ஒரு வீடு வரையச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் முக்கோணக் கூரை, இரண்டு ஜன்னல், பக்கத்தில் தென்னை மரம் என்று போட்டுத் தள்ளினார்கள். காரைக்குடியில் அப்படி ஒரு வீட்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை. நான் ஒரு கட்டம் போட்டேன். அதற்குள் இன்னொரு கட்டம், அதற்குள் இன்னொன்று. நட்டநடுவில் மஞ்சள் கிரேயானால் சின்னதாக ஒரு பொட்டு.

"என்னம்மா இது?" என்று டீச்சர் கேட்டார். நான் அந்த மஞ்சள் பொட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

மறுநாள் அம்மாவை வரச் சொன்னார்கள். "வீடுன்னா என்னன்னே பிள்ளைக்குப் புரியல. பேச்சும் இல்ல. இன்னொரு வருசம் யு.கே.ஜி.யிலயே இருக்கட்டும்," என்றார் டீச்சர். என் கூட்டாளிகள் எல்லாம் ஒன்றாம் வகுப்புக்குப் போக, நான் மட்டும் அங்கேயே கிடக்கப் போகிறேன் என்பது எனக்கே விளங்கிவிட்டது. அம்மா சண்டைக்குப் போவாள் என்று நினைத்தேன். தெருக்குழாயில் அவளிடம் வாய்கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. அவளோ படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், சாயந்தரம் ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போறீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

வந்தார். அதுதான் பெரிய விஷயம். வெயில் தாழும் முன்பே, குடையும் கைப்பையுமாக நடந்தே வந்தார்.

நாங்கள் ஒரு பெரிய வீட்டின் முன்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். நடுவிலுள்ள வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும்.

"நின்னு பாத்தா கொடியில கெடக்குற சேலை மறைக்கும். இவ உக்கார்ற எடத்துல உக்காந்து பாருங்க," என்று அம்மா நிலைப்படியைக் காட்டினாள்.

"நெலையில உக்காரக் கூடாதும்பாகளே?"

அங்கே உட்கார்ந்ததற்காக என்னைத் தினமும் திட்டுகிற அம்மா, "இன்னிக்கு ஒண்ணும் ஆகாது, உக்காருங்க," என்றாள்.

டீச்சர் உட்கார்ந்து, என் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தினார். கதவுக்குள் கதவாக வாசல்கள் சிறுத்துக்கொண்டே போயின. கடைசிக் கதவுக்கு அப்பால், பின்தெருவில், செக்காலை ரோட்டுப் பக்கம் சவாரி முடித்த அப்பாவின் ஆட்டோ மஞ்சளாக வந்து நின்றது.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அம்மாவிடம் அல்ல, என்னிடம் சொன்னார்: "நீ சரியாத்தான் போட்டிருக்கெ. நாந்தான் பாக்கத் தெரியாமத் தப்புன்னுட்டேன்."

ஒன்றாம் வகுப்புக்குப் போனேன். இவ்வளவு பெரியவருக்கு ஒரு வீட்டைப் பார்க்கக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு டீச்சர் மேல் பரிதாபம்தான் வந்தது.

இப்போது என் மகளுக்கு அதே வயது. பெற்றோர் கூட்டங்களில், அவளுடைய டீச்சர்கள் கைபேசியில் கலர் கலராக வரைபடக் கோடுகளைக் காட்டி அவளுக்குக் கவனம் போதாது என்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன். தான் சொன்னது சரிதானா என்று பார்க்க ஒருவர் வெயிலில் நடந்து வந்து, ஒரு சின்னப் பிள்ளையிடம் தன் தவறை ஒப்புக்கொண்டது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று எனக்குத் தெரியாது. டீச்சர்கள் எல்லோருமே அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.