மாடி வீட்டு வளைகாப்பு

2025 ஜூன் 15, ஞாயிறு. ஐந்தரைக்குப் பால் பாக்கெட் வந்தது. டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் நொச்சிக்குப்பம் போய் மீன் வாங்கி வருவார். அன்று மாடி வீட்டில் வளைகாப்பு என்பதால் போகாமல் சட்டைகளை இஸ்திரி போட்டார். எனக்கும் பூங்கா நடை இல்லை.

என்னோடு தினமும் நடப்பவள் அந்த வீட்டு மருமகள்தான். அவளுக்கு ஏழாம் மாதம். முந்தின நாள் பாதி நடையில் நின்று, குழந்தை பிறந்தும் தனக்குச் சந்தோஷம் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் பூரிப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறதாம். பிள்ளை பெற்றவர்களிடம் கேட்டால் திட்டுவார்கள் என்றுதான் என்னிடம் கேட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்றும் கேட்டாள். பெரும்பாலான நாள் இருக்கிறோம் என்றேன், அது உண்மை.

வளைகாப்பில் கர்ப்பிணிக்கு அடுக்கி முடித்ததும், குழந்தை இல்லாதவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர்களுக்கும் வளையல் போடுவது வழக்கம். முப்பது வயதில் நானும் அப்படிப் பல வீடுகளில் உட்கார்ந்தேன். பிறகு இந்த விசேஷங்களுக்கே போவதில்லை. அன்று அவளுக்காகப் போனேன். அவளுடைய மாமியார் பழக்கதோஷத்தில் பச்சை வளையலோடு என் கையைப் பிடித்து, "அடுத்தது உனக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு, என் நரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"போடுங்கக்கா. எனக்கு நாப்பத்தொம்பது. வளையலுக்கு அதெல்லாம் தெரியாது."

முதலில் சிரித்தவள் மருமகள். சிரித்த தைரியத்திலேயே கேட்டும்விட்டாள்.

"அத்தை, இவரு பொறந்தப்ப உங்களுக்கு சந்தோஷமா இருந்துச்சா?"

வளையல் என் விரல் முட்டிகளில் சிக்கியிருந்தது. மாமியார் அதை மெல்லத் திருகிக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல அழுகைதான் வந்துச்சு. ஏன்னே தெரியல, யார்கிட்டயும் சொல்லல. மூணாம் மாசம் ஒரு நாள் என்னைப் பார்த்து சிரிச்சான். அன்னைக்குத்தான் இவன் யாருன்னு பார்த்தேன்." வளையல் உள்ளே இறங்கியது. "உனக்கு அழுகை வந்தா எங்கிட்ட சொல்லு."

மருமகள் புளியோதரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக மாடிக்குப் போய், நடைக்குக் கூப்பிட மணி அடித்தேன். அவள் தயாராக இருந்தாள். பின்னால் மாமியார் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.