பெரியம்மா தலையில் ரோஜா

பெரியம்மாவின் மகன் மான்செஸ்டரில் வேலையில் இருந்தான். அம்மா வந்து பதினைந்து நாள் தங்கிவிட்டுப் போக வேண்டும் என்று மூன்று வருடமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டான். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த நான் மொழிபெயர்ப்பாளர் பதவியில் கூடப் போனேன். எங்கள் அப்பா மட்டும் அசரவில்லை. "கோயமுத்தூரையே மான்செஸ்டர்ன்னுதான சொல்றாங்க? பஸ் ஏறுனா ரெண்டரை மணி நேரம். இதுக்குப் போயி ஏரோப்ளேனா?" என்றார்.

முதல் நாள் அண்ணன் எங்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனான். உள்ளே ஒரு பழைய தறியை ஓட்டிக் காட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு வியந்தார்கள். பள்ளிபாளையத்தில் சொந்தமாகத் தறிப் பட்டறை வைத்திருக்கும் பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நூலு அறுந்திருக்குது, பாக்காம ஓட்டறானே" என்று கவலைப்பட்டார். அவரை அங்கிருந்து நகர்த்துவது பெரும்பாடாகிவிட்டது.

கடைவீதியிலும் அதே கதைதான். எதை எடுத்தாலும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார், துணியை இரண்டு விரலில் தேய்ப்பார். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஏதாவது வாங்கினார். அவருக்கென்று எதுவுமே வாங்கிக்கொள்ளவில்லை. குளிருக்கு ஆகட்டும் என்று அண்ணன் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் எடுத்துக் கொடுத்தான். பெரியம்மா அதைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார். பிறகு, "ஊர்ல யாராச்சும் போட்டாவுல பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்று சாம்பல் நிறத்தில் மாற்றி வாங்கிக்கொண்டார்.

பெரியப்பா இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றிலிருந்து பெரியம்மாவுக்கு வெள்ளைச் சேலைதான். பூவும் கிடையாது, பொட்டும் கிடையாது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அதுதான் முறை. நான் பிறந்ததிலிருந்து அவரை அப்படியே பார்த்ததால், சிலர் கண்ணாடி போட்டிருப்பதுபோல் பெரியம்மா வெள்ளை கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. ஏழரை மணிக்கு நம் ஊர் நாலு மணி வெயில் அடித்தது. கடைவாசல்களிலெல்லாம் மேசை போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூலைக்கு மூலை பாட்டு. அண்ணன் எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனான்.

அந்த நேரம் பார்த்து ஏழெட்டுப் பெண்கள் கும்மாளமாக வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு அடுத்த வாரம் கல்யாணமாம். அதற்காகத் தோழிகள் கொண்டாட்டம். அவள் வெள்ளை உடுப்பில் இருந்தாள். தலையில் சிவப்புத் துணி ரோஜாக்கள் வைத்துக் கட்டிய கிரீடம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அந்தக் கிரீடத்துக்காக அப்போது நான் எதையும் செய்திருப்பேன்.

மணப்பெண் எங்கள் முன்னால் நின்றாள். பெரியம்மாவின் வெள்ளைச் சேலையைக் காட்டினாள், தன் வெள்ளை உடுப்பைக் காட்டினாள். இவருக்கும் கல்யாணமா என்று என்னிடம் கேட்டாள். அவர்கள் ஊரில் மணப்பெண்ணுக்குத்தான் வெள்ளை.

இல்லை, இவருடைய கணவர் இறந்துவிட்டார் என்று இலக்கணப் பிழையில்லாமல் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் முகம் வாடிவிடும், கிரீடமும் போய்விடும். கல்யாணம் என்று சொல்லிவைத்தால் பூவைக் கொடுத்தாலும் கொடுப்பாள். பெரியம்மா பூ வைக்க மாட்டார், ஆக அது எனக்குத்தான். "எஸ்" என்றேன்.

அவ்வளவுதான், தெருவே அதிரும்படி கத்தினார்கள். மணப்பெண் கிரீடத்தைக் கழற்றிப் பெரியம்மா தலையில் வைத்தாள். பெரியம்மா பதறிப்போய்க் கையைத் தூக்கினார். தூக்கிய கை ரோஜாவைத் தொட்டது. தொட்டபடியே நின்றது. அதற்குள் அவர்கள் அவரை எழுப்பி நடுவில் நிறுத்திக் கைதட்டிச் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். கும்மிக்குக்கூட எட்ட நின்றே பார்க்கிற பெரியம்மா இரண்டு சுற்றுச் சுற்றினார்.

அவர்கள் போனபிறகு மூச்சு வாங்க உட்கார்ந்தார். "என்ன சாமி கேட்டா அந்தப் புள்ள?"

"நீங்க கல்யாணப் பொண்ணான்னு கேட்டாங்க பெரியம்மா. ஆமான்னு சொல்லிப்போட்டேன்."

அடி விழும் என்று கன்னத்தை மூடிக்கொண்டேன். பெரியம்மா சிரித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீமோடு திரும்பி வந்த அண்ணன் அம்மாவின் தலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். பிறகு ஐஸ்கிரீமை என் கையில் கொடுத்தான். வீடு வந்து சேரும் வரைக்கும் பெரியம்மா கிரீடத்தைக் கழற்றவில்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று கிரீடத்தை ஒரு துண்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார். நான் பார்த்துவிட்டேன். "ஊட்டுல யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு" என்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பரிசு எனக்கு என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன்.

மூடிக்கொண்டுதான் இருந்தேன். சொந்தக்காரர்கள் வீடு நிறைய உட்கார்ந்து கதை கேட்டபோது தறியைச் சொன்னேன், ஏழரை மணி வெயிலைச் சொன்னேன், நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. கிரீடம் வரவில்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அது எங்கயோ போயிருச்சு சாமி" என்றார் பெரியம்மா.

அடுத்த மாதமே, அவர் பீரோவைத் திறந்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். அடுக்கி வைத்த வெள்ளைச் சேலைகளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு ரோஜாகூட நசுங்காமல் இருந்தது. அதன்பிறகு இரண்டு மாதம் அவரோடு நான் சரியாகப் பேசவே இல்லை. பூவே வைக்காதவருக்கு அந்தப் பூ எதற்கு என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம்.