மொட்டைத் தலையும் ஐந்து நற்சான்றிதழ்களும்

ஆந்திர எல்லையை அளந்துகொண்டிருந்த காலம். சர்வேயரான என் அப்பாவுக்கு ஓயாத மாற்றல். சத்தியவேடு, நகரி, புத்தூர், திருப்பதி, சித்தூர் என ஐந்து பள்ளிகளில் படித்தேன். ஐந்தும் 'நன்னடத்தை உடையவன்' என்று ஒரே வரியைச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தன.

ராணுவ அகாடமித் தேர்வுக்கு அழைப்பு வந்ததும், அம்மாவின் வேண்டுதல்படி திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டேன். மறுநாள் சித்தூரில், நான் படித்த பள்ளியிலேயே தேர்வு. அப்பாவோடு போனேன். வாசலில் குமாஸ்தா நுழைவுச் சீட்டிலிருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு மறித்தார்.

"போட்டோவுல கீறவன் கிராப்பு வெச்சிக்கினு கீறான். நீ யார்ரா?"

அப்பா சான்றிதழ்களை நீட்டினார்.

"பேப்பர் இருக்கட்டும் சார். இவன் மூஞ்சி தெரிஞ்ச வாத்தியார் ஒர்த்தரைக் கூட்டினு வாங்க."

சான்றிதழில் கையெழுத்திட்ட தலைமையாசிரியரே என்னை உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முதல் மணி அடித்துவிட்டது.

அப்போது தெலுங்கு ஆசிரியர் வந்தார். "ஏமிரா, நீயா? வருசம் பூரா என் கிளாஸுல கொட்டாவி வுட்டுக்கினு இருந்த கய்தை! முடி போனா திமிரு போயிடுமா? உள்ள வுடுப்பா."

எழுதினேன், தேர்ச்சியும் பெற்றேன்.

அந்தச் சான்றிதழ்களைத் தேர்வு எழுதிய அன்றே கிழித்துப் போட்டிருந்தேன். நல்லவன் என்று எழுதியவர்கள் என்னைப் பார்த்ததே இல்லை. திட்டியவர்தான் பார்த்திருந்தார்.